மண்டோர் உடையப்பன் கழுத்துப் பிடி கற்ற வரலாறு

கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில், ஆற்றை ஒட்டி இருந்த செம்பனைத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர் ஒன்று உண்டு. தமிழர்கள் அதைக் கொஞ்ச காலம் வாயில் நுழைத்துப் பார்த்துவிட்டு, ஆத்தங்கரைத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். அங்கே குலை வெட்டும் வெட்டுக்காரர்களுக்கு மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர் உடையப்பன்.

மண்டோர் வேலை என்னவென்று சொல்வது சுலபம். வெட்டுக்காரர்கள் மரத்திலிருந்து குலைகளை இறக்கிச் சாலையோரம் அடுக்கி வைப்பார்கள். பழுத்த குலை மேலே இருக்கும். காய்க்குலை அடியில் இருக்கும். மேலே இருப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறவன் சாதாரண மனிதன். அடியில் கைவிட்டுப் புரட்டிப் பார்ப்பவன் மண்டோர். உடையப்பன் இருபது வருஷத்துக்கு மேலாகக் குலை புரட்டியவர். அந்தப் பழக்கம் வேலை நேரத்தோடு நிற்காமல் அவரோடு தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. மனைவி வேலம்மா இட்லி வைத்தால் புரட்டிப் பார்ப்பார். கோயிலில் விபூதி கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார். பொழுது விடிந்துவிட்டது என்று அவள் எழுப்பினால், ஜன்னலைத் திறந்து தானே ஒருமுறை உறுதி செய்துகொண்ட பிறகுதான் எழுந்திருப்பார்.

இதைச் சந்தேகம் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"சந்தேகம் வேற, சரிபார்க்கறது வேற," என்பார். "சந்தேகப்படறவன் தப்பா நெனப்பான். நான் எதையும் நெனக்கறது இல்ல. பார்த்துக்கறேன், அவ்வளவுதான்."

அவருடைய ஒரே மகள் ரமணிக்கு இந்தப் பார்த்துக்கொள்ளுதலால் இரண்டு வரன்கள் கைநழுவிப் போயிருந்தன. முதல் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த இடத்தில் பலகாரத்தை மெதுவாகச் சாப்பிட்டான். பசியை மறைக்கிறவன் வேறு எதையும் மறைப்பான் என்று உடையப்பன் முடிவு கட்டினார். இரண்டாவது வரனின் குடும்பம் கிள்ளானிலிருந்து வாடகைக் காரில் வந்தது. ஒருவர் ஒரு வேடிக்கை சொன்னதும் குடும்பமே ஒரே நேரத்தில் சிரித்தது. வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவர்களையும் வழியனுப்பி வைத்தார்.

மூன்றாவதாக வந்தவன் முருகையா. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து எண்ணெய் ஆலையில் பிட்டர் வேலை. தகப்பன் இல்லை. தாய் கலாவதி, ஆலையை ஒட்டிய தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் ஆயா. பையன் சிகரெட் பிடிப்பதில்லை, கள்ளுக்கடைப் பக்கம் போவதில்லை, கடன் இல்லை. பலகாரத்தை வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சாப்பிட்டான். உடையப்பன் சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கவில்லை. அது உண்மையிலேயே சிரிக்கும்படியாக இல்லை.

குறை ஒன்றுமே தென்படவில்லை. உடையப்பனுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

"ஒரு கொலையில ஒரு காயாவது இருக்கணும்லா," என்று மனைவியிடம் குலையைப் பற்றிய தன் சாத்திரத்தை விளக்கினார். "எல்லாம் பழமா இருந்தா எவனோ பொறுக்கி அடுக்கியிருக்கான்னு அர்த்தம்."

"மனுசன கொலையோட சேக்காதீங்க," என்று வேலம்மா திரும்பிப் படுத்தாள். "அந்தப் புள்ள மூஞ்சியப் பார்த்தா தெரியலயா?"

"மூஞ்சி மேல இருக்கறது."

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய் முருகையாவின் தோட்டத்தில் விசாரித்தார். சாயாக்கடைக்காரர் தங்கமான பையன் என்றார். கோயில் தலைவரும் தங்கமான பையன் என்றார். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னது உடையப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கடைசியில் ஆலை வாசலில் நின்ற ஒரு காவல்காரன்தான் வாயை விட்டான்.

"நல்ல பையன்தான். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலமானா மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு ஒங்க தோட்டத்துக்குத்தான் வருவான். கிஃபாயத்துல்லா பாய்கிட்ட ஜூடோ கத்துக்கறான்."

"ஜூடோவுல என்ன செய்வாங்க?"

"தூக்கிப் போடுவாங்க. இவன் அதுல கெட்டிக்காரன் இல்ல. கழுத்தப் புடிச்சு நெரிக்கறதுலதான் கெட்டிக்காரன்."

உடையப்பன் அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கழுத்தை நெரிப்பதில் கெட்டிக்காரன். அந்தக் கையாலா தன் மகள் தாலி வாங்கப் போகிறாள் என்று ஒரு கணம் குழம்பி, பிறகு அந்தத் தாலி ஏறப்போவதும் கழுத்தில்தான் என்பது நினைவுக்கு வந்து, இன்னும் அதிகமாகக் கலங்கினார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தபோது, ரமணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சுங்கை பூலோவுக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னக் கம்பிகளைப் பார்க்கிற வேலை. அதனால் வீட்டில் எதையும் கூர்ந்து பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"அப்பா," என்றாள், மடிப்பதை நிறுத்தாமல். "எனக்கு இவரப் புடிச்சிருக்கு. ஒங்களுக்கு என்ன பார்க்கணுமோ பார்த்துக்குங்க. ஆனா இதையும் நீங்க ஓட்டிவிட்டீங்கன்னா, இன்னொரு தடவை நான் சேலை கட்டிக்கிட்டுத் தட்டு தூக்கிக்கிட்டு யார் முன்னாலயும் வந்து நிக்கமாட்டேன். இதான் கடைசி."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் உடையப்பன் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லைப் புரட்டிப் பார்த்தார். மேலே என்ன இருந்ததோ அதுதான் அடியிலும் இருந்தது. மகள் மெய்யாகவே சொல்கிறாள்.

ஆகவே அவர் ஓட்டிவிடவில்லை. ஜூடோ வகுப்பில் சேர்ந்தார்.

பால்மரக் காலத்தில் ரப்பர் தாள்களைப் புகைபோட்டு உலர்த்திய பழைய புகைவீடு ஒன்று ஆத்தங்கரைத் தோட்டத்தில் சும்மா கிடந்தது. மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு அதற்குள் வௌவால்களும் புகைவாடையும் மட்டுமே வசித்தன. வௌவால்களைத் துரத்திவிட்டு அங்கே ஜூடோ வகுப்பை ஏற்படுத்தியவர் கிஃபாயத்துல்லா. முன்பு போலீசில் இருந்தவர், அங்கேதான் ஜூடோ படித்தார். ஓய்வு பெற்றபின் கோலசிலாங்கூர் பாசார் பக்கம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். காலையில் ரொட்டி மாவு பிசைவார். மாலையில் மனிதர்களைப் பிசைவார். பிடியெல்லாம் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை.

மெத்தை வாங்க வசதியில்லாததால், சுங்கை பெசார் அரிசி ஆலையிலிருந்து வந்த உமியைச் சாக்குகளில் அடைத்துப் பரப்பி, மேலே லோரிப் படுதாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சீருடைக்கு பாயின் கடைக் கோதுமை மாவுச் சாக்குகள். இரட்டையாக மடித்து, காலருக்கு மட்டும் படுதாத் துண்டு வைத்துத் தைத்தது. உடையப்பனுக்குக் கிடைத்த சட்டையின் முதுகில் மாவின் நிகர எடை அச்சாகியிருந்தது. அந்த எடைக்கு உண்மையிலேயே மாவு இருந்ததா என்று அவர் பாயிடம் கேட்டார்.

"மண்டோர், நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?" என்றார் பாய்.

"ஒடம்புக்கு."

பாய் அதை நம்பவில்லை. நம்பாதவர் என்பதாலேயே பாய்மீது உடையப்பனுக்கு அன்று ஒரு மரியாதை பிறந்தது.

புகைவீட்டின் மறுகோடியில் முருகையா நின்றுகொண்டிருந்தான். வருங்கால மாமனாரை மாவுச் சாக்கில் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தான். பிறகு வந்து, "வாங்க மாமா," என்றான். மாமா என்று கூப்பிட இன்னும் நிச்சயதார்த்தமே ஆகவில்லை. உடையப்பன் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

கழுத்துப் பிடியின் முதல் பாடத்தை பாய் தன் ரொட்டி மாவுக் குரலில், மெத்தென்று தொடங்கினார்.

"கொரவளையத் தொடாதீங்க. அது ரவுடிப் பய வேல. மூச்ச அடைக்கிறது இல்ல நம்ம வேல. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் மண்டைக்கு ரத்தம் ஓடுது. அத மெதுவா மூடுறோம். கொழாய மூடுற மாதிரி. சரியா புடிச்சா வலியே இருக்காது, கண்ணு மட்டும் சொருகும். அதனாலதான் இது ஆபத்து. அதனாலதான் மொதல் பாடம் புடிக்கறது இல்லலா, விடறது."

எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மாட்டிக்கிட்டவன் ரெண்டு தட்டு தட்டுவான். எதிராளி மேலயோ, தரையிலயோ. தட்டின மறு நொடி கை தளரணும். ஏன் எதுக்குன்னு கேள்வி கெடையாது."

உடையப்பன் கையைத் தூக்கினார். "அவன் பொய்யா தட்டினா?"

"பொய்யா எப்படித் தட்டுவான்? தட்டினா தோத்துட்டான்னு அர்த்தம்."

"தோத்த மாதிரி நடிச்சு, நாம கைய எடுத்ததும் திருப்பி அடிச்சா?"

"எதுக்கு அடிக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

பாய் தாடியைத் தடவினார். "சரி, அடுத்த பாடம்."

"இருங்க பாய். நான் தட்டறேன்னு வைங்க. அவன் விடலேன்னா?"

"விடுவான்."

"யாரு கேரண்டி?"

"என் கடையில வந்து ரொட்டி சாப்பிடறீங்களே. மாவுல என்ன கலந்திருக்குன்னு கேரண்டி கேட்டா சாப்பிடறீங்க?"

"ஆமா," என்றார் உடையப்பன்.

அது உண்மை. பாய்க்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. வகுப்பை மேலே நடத்தினார்.

அடுத்த வாரங்களில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. உடையப்பனின் கழுத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. முகத்து நாடியை மார்பில் புதைத்துக்கொண்டு, தோள்களைக் காதுவரை உயர்த்தி, இரண்டு கைகளாலும் தன் காலரைத் தானே பிடித்துக்கொண்டு அவர் படுதாவில் உட்கார்ந்தால், ஓட்டுக்குள் போன ஆமையை வெளியே இழுப்பது அதைவிடச் சுலபம். எவன் பின்னால் வருகிறான், எவன் கை காலரைத் தேடுகிறது என்பது அவருக்கு முதுகிலேயே தெரிந்தது. மற்றவர்கள் வருஷக்கணக்கில் பழகினாலும் வராத அந்த விழிப்பு, அவருக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தது.

"பாருங்கடா," என்று பாய் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "தற்காப்புன்னா இது."

பாராட்டை ஏற்றுக்கொண்ட உடையப்பன், பாய் எதற்காகப் புகழ்கிறார் என்று அன்று இரவு யோசித்தார்.

பிடிப்பதும் அவருக்கு வந்தது. பின்னால் இருந்து பிடிக்கும் காலர்ப் பிடி ஒன்று அவர் கைக்கு வாகாக அமைந்தது. எதிராளியின் அக்குள் வழியே இடக்கையை விட்டு சட்டையின் தொய்வைக் கீழே இழுத்துச் சரிசெய்ய வேண்டும். வலக்கையைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், கட்டைவிரல் உள்ளே இருக்கும்படி காலரை ஆழமாகப் பற்ற வேண்டும். பிறகு கையால் இழுக்கக் கூடாது, நெஞ்சை முன்னால் தள்ள வேண்டும். படுதாக் காலர் கழுத்தின் இரு பக்கமும் கயிறாக இறங்கும். முள்ளுக் குலையின் காம்பைப் பிடித்துப் புரட்டிய விரல்கள் அவை. பற்றினால் பற்றியதுதான்.

பற்றினால் விடாததுதான் சிக்கல். அவரோடு ஜோடி சேர்ந்து பிடி பழகக் கிடைத்தவன் செல்லன், அவருக்குக் கீழே வேலை செய்யும் வெட்டுக்காரன். காய்க்குலையை மட்டை அடியில் ஒளித்துவிட்டு "முடிஞ்சிருச்சு மண்டோரே" என்று வெயிலில் நின்று சத்தியம் செய்யக்கூடியவன். அப்படிப்பட்டவன் புகைவீட்டில் இரண்டு தட்டு தட்டி முடிந்துவிட்டது என்றால் மண்டோர் எப்படி நம்புவார்? ஒரு மூச்சு கூடுதலாகப் பிடித்து, அடியில் ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகே விடுவார்.

"பாய், மண்டோர் தட்டினாலும் விடமாட்றாரு," என்று செல்லன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு முறையிட்டான்.

"விட்டேனே," என்றார் உடையப்பன்.

"எப்ப விட்டீங்க? செத்துப்போன எங்க தாத்தா எனக்குக் கண்ணுல தெரிஞ்சாரு."

பாய் உடையப்பனைத் தனியாக அழைத்துப் போனார். "மண்டோர், தோட்டத்துல அவன் சொல்ற பேச்ச நம்பாதீங்க. அது ஒங்க வேல. இங்க அவன் கை சொல்றத நம்பணும். இன்னொரு தடவை இப்படி நடந்தா வகுப்புக்கு வரவேண்டாம்."

உடையப்பன் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுகிறவர்கள் யாரையும் அவர் நம்பியதில்லை என்பதை பாய் அறியமாட்டார்.

இதற்கிடையே அவர் வந்த காரியமும் நடந்துகொண்டிருந்தது. முருகையாவை ஓரக்கண்ணால் அளந்தார். அவன் யாரைப் பிடித்தாலும், முதல் தட்டிலேயே கை திறந்துவிடும். இரண்டாவது தட்டு விழும் நேரத்தில் எதிராளியின் தோளைப் பிடித்து, "சரியா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, எப்போதும் இப்படித்தான்.

"ரொம்ப சீக்கிரம் விடறான்," என்று வீட்டில் அறிக்கை கொடுத்தார்.

"விடறது நல்லதுதானே?" என்றாள் வேலம்மா.

"நான் பார்க்கறேன்னு தெரிஞ்சு விடறான்."

"நீங்க பார்க்காதப்போ என்ன செய்யறான்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பார்க்கலயே."

வேலம்மா அகப்பையோடு அடுக்களைக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து ரமணி சிரிக்கும் சத்தம் கேட்டது. நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுத்தாயிற்று. ஊதா நிறம். தொழிற்சாலைத் தோழிகளுக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

நிச்சயதார்த்தம் நெருங்கிவந்த ஒரு வெள்ளிக்கிழமை, செல்லன் வயிற்றுவலி என்று வரவில்லை. வயிற்றுவலியை உடையப்பன் நம்பவில்லை. ஜோடி இல்லாமல் நின்றவரிடம் முருகையாவே வந்தான்.

"மாமா, என்னோட பழகறீங்களா?"

பின்னால் உட்கார்ந்து பிடித்தார். இடக்கை தொய்வைச் சரிசெய்தது. வலக்கை காலரில் ஆழமாக இறங்கியது. நெஞ்சைத் தள்ளினார். பிடி அத்தனை சுத்தமாக அதுவரை விழுந்ததே இல்லை. உடனே முருகையாவின் கை அவருடைய முழங்கையில் இரண்டு தட்டு தட்டியது.

இவ்வளவு சீக்கிரமாகவா? உடையப்பனின் மூளை அந்த நொடியில் மிக வேகமாக வேலை செய்தது. இவன் கழுத்துப் பிடியில் கெட்டிக்காரன். நானோ நேற்று வந்தவன். நேற்று வந்தவன் பிடித்த பிடிக்கு இவன் தட்டுகிறான் என்றால் என்ன அர்த்தம்? மாமனாரைக் குளிர வைக்கத் தட்டுகிறான். அல்லது நான் தளர்ந்ததும் ஏதோ செய்யப் போகிறான். இதோ, இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அடியில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிடும்.

மறுபடி தட்டு விழுந்தது. பிறகு விழவில்லை. மடியில் இருந்த உடம்பு கனத்தது.

நடிக்கிறான் என்று நினைத்தார் உடையப்பன்.

பாய் படுதாவின் குறுக்கே பாய்ந்து வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். முருகையாவின் தொண்டையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கால்களைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார் பாய். ஒருவன் தண்ணீர் ஊற்ற ஓடிவந்தான், அவனை ஒரு முறைப்பில் நிறுத்தினார். இரண்டு மூன்று மூச்சில் முருகையா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, பிறகு உடையப்பனைப் பார்த்தான்.

"என்ன மாமா, முடிஞ்சிருச்சா?" என்றான்.

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. உடையப்பன் தேடிப் பார்த்தார், இல்லை. சுற்றி நின்றவர்களின் கண்களில்தான் இருந்தது.

"சட்டையக் கழட்டிக் குடுங்க மண்டோர்," என்றார் பாய்.

வீட்டுக்கும் புகைவீட்டுக்கும் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி லயம் முழுக்கச் சுற்றி முடித்து, இரண்டாவது சுற்றில் இருந்தது. முதல் லயத்தில் மண்டோர் மாப்பிள்ளையின் கழுத்தை நெரித்தார். இரண்டாவது லயத்தில், பெண் கொடுக்க இஷ்டமில்லாமல் திட்டம் போட்டு நெரித்தார். கோயிலடியில், இதற்காகவே இத்தனை வாரம் ஜூடோ கற்றார். வயிற்றுவலியில் படுத்திருந்த செல்லன், எல்லா லயத்துக்கும் நேரில் போய் இதைத் தான் முன்பே சொன்னதாகத் தெரிவித்தான்.

மறுநாளிலிருந்து உடையப்பன் புதிய ஒரு வாழ்க்கையை அறிந்தார். மளிகைக்கடைக்காரர் அப்பளசாமி அவருக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டாக நண்டு மாதிரி நடந்துபோய் சீனி எடுத்துக் கொடுத்தார். குலை எண்ணும்போது வெட்டுக்காரர்கள் அவரிடமிருந்து அரிவாள் நீளம் தள்ளி நின்றார்கள். ஆபீஸ் எழுத்தரான கிராணி கடிதத்தில் கையெழுத்து வாங்கும்போது காலர் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"நான் சும்மா சரிபார்த்தேன்," என்று உடையப்பன் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே, இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் தான் நம்பியிருப்போமா என்று யோசித்தார். நம்பியிருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கலாவதி ஆள் அனுப்பிச் சொன்னாள்: பெண் தங்கமான பெண். ஆனால் அந்த வீட்டில் என் மகன் படுத்துத் தூங்கி எழுந்து வருவான் என்று எனக்குத் தைரியம் இல்லை. நிச்சயதார்த்தம் வேண்டாம்.

ரமணி அழவில்லை. ஊதாச் சேலையை எடுத்து, மடிப்புக் கலையாமல், பெட்டியில் அடியில் வைத்து மேலே பழைய துணிகளை அடுக்கினாள். தகப்பனுக்குச் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முன்பெல்லாம் யாராவது பேசினால்தான் உடையப்பனுக்குச் சந்தேகம் வரும். இப்போது பேச்சே இல்லாதபோது சந்தேகப்பட எதுவும் கிடைக்கவில்லை. மகள் வைத்த இட்லியை அப்படியே எடுத்து வாயில் போட்டார். வேலம்மா அதைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

திங்கட்கிழமை மாலை அவர் கோலசிலாங்கூருக்குப் போய் பாயின் கடையில் உட்கார்ந்தார். பாய் நுரைத்த பால்தேநீரான தே தாரேக்கை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"மன்னிப்பு கேட்டு வரலாம்னு இருக்கேன் பாய்."

"கேட்டா அந்தம்மா நம்புமா?"

"ஏன் நம்பாது?"

"ஒருத்தன் ஒங்க மக கழுத்த நெரிச்சுட்டு, மறுநாள் வந்து மன்னிச்சுக்குங்கன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"

உடையப்பன் குவளையைப் பார்த்துக்கொண்டு நேர்மையாக யோசித்தார். "மாட்டேன்."

"எத நம்புவீங்க?"

"எதையும் நம்பமாட்டேன். கண்ணால பார்த்தா பார்த்துக்குவேன்."

"அப்ப அந்தம்மாவுக்கும் கண்ணுல காட்டுங்க. ஒங்க கழுத்த அவன் கையில குடுங்க. நாடியப் பொதைக்காம, காலரப் புடிச்சுக்காம. தட்டற வரைக்கும் அவன் புடிக்கட்டும்."

உடையப்பன் தன் காலரைத் தொட்டுப் பார்த்தார். "பாய், அவன் விடலேன்னா?"

"அதான் நீங்க குடுக்கற வெலலா," என்றார் பாய். "சும்மா குடுப்பாங்களா மாப்பிள்ளைய?"

பாயே நேரில் போய்ப் பேசி, கலாவதியை அடுத்த ஞாயிறு மத்தியானம் புகைவீட்டுக்கு வரவைத்தார். அவளுக்குப் படுதாவின் ஓரம் ஒரு நாற்காலி. மெலிந்த, நிமிர்ந்த பெண்மணி. பிள்ளைக் கொட்டகையில் எந்தப் பிள்ளை எதைக் கடித்துவிட்டு எவன்மேல் பழிபோடுகிறது என்று நாள் முழுக்கக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவள். வேலம்மா நின்றாள். ரமணி தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்து, கதவருகே நின்றாள். சேலை கட்டி வரமாட்டேன் என்றவள், வந்ததே பெரிது.

உடையப்பன் மாவுச் சாக்கைப் போட்டுக்கொண்டு படுதாவின் நடுவில் உட்கார்ந்தார். முருகையா பின்னால் வந்து மண்டியிட்டான்.

"நாடியத் தூக்குங்க மண்டோர்," என்றார் பாய்.

தூக்கினார். தானாக இறங்கிவிட்டது. மறுபடி தூக்கினார். தோள்கள் காதைத் தேடி மேலே வந்தன. ஐம்பது வயதுக் கழுத்து யார் சொல்லையும் கேட்கவில்லை. ஒரு தடவை அவருடைய கையே அவர் காலருக்குப் போனது. பாய் அதை எடுத்துத் தொடையில் வைத்தார்.

"இந்த ஆளு ஏமாத்தறாரு," என்றாள் கலாவதி.

"இல்லம்மா," என்றான் முருகையா. "மாமாவுக்குப் பழக்கமில்ல." பிறகு காதருகே, "அவசரமில்ல மாமா. எப்ப வேணுமோ அப்ப," என்றான்.

உடையப்பன் கதவருகே பார்த்தார். ரமணி அவரைப் பார்க்கவில்லை. அவர் தொடையில் வைத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடியைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். பழைய புகை படிந்த உத்தரம் தெரிந்தது.

காலர் இறங்கியது. வலி இல்லை, பாய் சொன்னது சரி. உத்தரத்தின் ஓரங்கள் முதலில் கறுத்தன. காதுக்குள் ஆற்று இரைச்சல். இப்போது தட்ட வேண்டும். தட்டி, அவன் விடாவிட்டால் தான் நினைத்தது அத்தனையும் சரி, ஆனால் அதை யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. தட்டி, அவன் விட்டுவிட்டால், முதல் வரன், இரண்டாவது வரன், செல்லனின் தாத்தா, ஊதாச் சேலை எல்லாவற்றிலும் தான் நினைத்தது தப்பு. இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்ய அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. கை உயர்ந்து முருகையாவின் முழங்கையில் ஒரு தட்டு தட்டியது.

இரண்டாவது தட்டு அவருடைய சொந்த நெஞ்சில் விழுந்தது. அதற்குள் அங்கே முழங்கை இல்லை.

வெளிச்சம் திரும்பியது. கழுத்தில் காற்றுப் பட்டது. தோளை ஒரு கை பிடித்திருந்தது. "சரியா இருக்கீங்களா மாமா?"

கலாவதி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஆடறீங்களா?"

குனிந்து உடையப்பனின் நாடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். காலர் பதிந்த சிவப்புக் கோட்டை விரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள். கண் ரெப்பையை இழுத்துப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லவில்லை, அதுவரை தப்பினார். உடையப்பன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை ஒழுங்காகச் சரிபார்க்கிற ஒருத்தியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இந்த வீட்டுச் சம்பந்தத்தை இழக்கக் கூடாது என்று முதன்முறையாக அவருக்கே தோன்றியது.

"நெசம்தான்," என்று கலாவதி நிமிர்ந்தாள். "அண்ணே, ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னைக்கு எம் மகன் தட்டினப்ப ஏன் விடல?"

"நம்பல," என்றார் உடையப்பன்.

"இன்னைக்கு எப்படித் தட்டினீங்க?"

நம்பினேன் என்று சொன்னால் இந்த அம்மாள் நம்பமாட்டாள். அது முழுக்க உண்மையும் இல்லை. "வேற வழி இல்ல," என்றார்.

கலாவதி அதை எடைபோட்டாள். இனிப்பான பதிலாக இருந்திருந்தால் அவள் அப்போதே பஸ் ஏறியிருப்பாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீ என்னம்மா சொல்ற?"

ரமணி தகப்பனைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவரிடம் பேசினாள். "அப்பா, இனிமே யாரையாச்சும் சரிபார்க்கணும்னா எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யுங்க." பிறகு கலாவதியிடம், "சேலை எடுத்தது அப்படியேதான் இருக்கு அத்தை," என்றாள்.

"அப்ப முன்னாடி குறிச்ச தேதியே இருக்கட்டும்," என்றாள் கலாவதி. "புதுசா நாள் பார்த்தா மறுபடி எதையாச்சும் கத்துக்கப் போயிருவாரு."

வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாய் தாடிக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, உமிச் சாக்கு ஒன்று பிதுங்கியிருப்பதைக் காலால் உள்ளே தள்ளினார்.

உடையப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது. முருகையா முன்னால் வந்து கையை நீட்டினான். நீட்டிய கையைப் பிடித்தவனை எப்படி இழுத்துத் தலைக்கு மேலாக வீசலாம் என்று அதே புகைவீட்டில், அதே இடத்தில் பாய் ஒரு செவ்வாய்க்கிழமை செய்து காட்டியிருந்தார். உடையப்பன் அந்தக் கையைப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். பிடித்தார். உடம்பின் முழு பாரத்தையும் அதில் கொடுத்து எழுந்து நின்றார்.

அவருடைய இன்னொரு கை மட்டும் தன் காலரைப் பிடித்தபடியே இருந்தது.